பனிக்கட்டியும் மண்பானையும்

(குளிர்பானங்களின் கதை: வரலாறு மற்றும் மனையியல் மன்ற மாணவியர்)

முன்னுரை

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் காலம். பரங்கிமலையின் பாறைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் நம் ஆதம்பாக்கத்தின் மீது திருப்பி வீசும் காலமும் அதுவே. பள்ளி விடும் மணி அடித்ததும் வாயிலில் நிற்கும் சர்பத் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். அப்படிக் கூடிய ஒரு நாளில், ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்களைப் பார்த்து, "அக்கா, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ராஜாக்கள் எல்லாம் எப்படி ஜில்லென்று குடித்தார்கள்?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல முடியாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அருகில் நின்ற சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "கேள்வி நல்ல கேள்வி. மன்றம் எதற்கு இருக்கிறது? தேடிப் பாருங்கள்" என்றார். தேடினோம். நூலகத்திலும், வீட்டுப் பாட்டிமார்களிடமும், சென்னைக் கடற்கரையில் உள்ள ஒரு பழைய கட்டடத்திலும் நாங்கள் கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முந்நீர் அருந்திய மகளிர்

முதலில் நம் வீட்டுக் கதையையே பார்ப்போம். புறநானூற்றின் 24-ஆம் பாடல் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடியது. போரில் வென்ற அரசனைப் பாடும் அந்தப் பாட்டிலே, கடற்கரைச் சோலையில் விளையாடும் மகளிர் வருகிறார்கள். அவர்கள் பனையின் நுங்கு நீரையும், கரும்பின் சாற்றையும், மணல்மேட்டில் வளர்ந்த தென்னையின் இளநீரையும் ஒன்றாகக் கலந்து குடிக்கிறார்கள். குடித்துவிட்டுக் கடலில் குதித்து நீராடுகிறார்கள். கடலுக்கு 'முந்நீர்' என்று ஒரு பெயர் உண்டு. மூன்று நீரைக் குடித்து முந்நீரில் பாய்ந்தார்கள் என்று புலவர் சொல் விளையாட்டும் ஆடுகிறார்.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் பெண்கள் பழச்சாறுகளைக் கலந்து பருகினார்கள் என்பதற்கு இதைவிட இனிய சான்று வேண்டுமோ! இதில் பனிக்கட்டி இல்லை. ஆனால் இளநீரும் நுங்கும் தாமே குளிர்ச்சி தருபவை. இளநீரின் தடித்த மட்டையும் நுங்கைப் பொதிந்திருக்கும் பனங்காயும் வெளி வெப்பம் எளிதில் உள்ளே புகாமல் காக்கும் உறைகள். இயற்கையே மூடி போட்டுத் தந்த பானங்கள் இவை.

பனை தரும் மற்றொரு பானம் பதநீர். பனம்பாளையைச் சீவி, அதன் நுனியில் உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு எதற்கு? இனிப்புச் சாற்றிலே நுண்ணுயிர்கள் விரைவில் பெருகி அதைப் புளிக்க வைத்துவிடும். புளித்தால் அது கள். சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத் தடுக்கிறது. ஒரு விரல் சுண்ணாம்பு, போதையூட்டும் பொருளைக் குழந்தையும் பருகும் பானமாக மாற்றிவிடுகிறது. வேதியியல் படிக்காத பனையேறிகள் கண்ட வேதியியல் இது.

சீனத்தின் பனிக்கிடங்குகள்

குளிர்பானத்தின் வரலாற்றைத் தேடுவோர் சீனத்தைத் தவிர்க்க இயலாது. வடசீனத்தில் குளிர்காலத்தில் ஆறுகளும் ஏரிகளும் உறையும். அந்தப் பனியை வெட்டி எடுத்து, நிலத்தடிக் கிடங்குகளில் அடுக்கி, கோடை வரையில் காத்து வைக்கும் வழக்கம் அங்கே மிகப் பழைமையானது. 'சௌ லி' என்னும் பழைய அரசாட்சி நூல், இதற்கென்றே தனி அலுவலர் இருந்ததைக் கூறுகிறது. குளிர்காலத்தில் தேவைக்கு மூன்று மடங்கு பனியை வெட்டி வைப்பது அவர் கடமை. இரண்டு பங்கு உருகிப் போனாலும் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும் அல்லவா!

1978-ஆம் ஆண்டில் ஹூபே மாநிலத்தின் சூய்சௌ என்னும் இடத்தில் ஒரு பெரிய கல்லறையை அகழ்ந்தார்கள். அது கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸெங் நாட்டுக் கோமகன் யீ என்பவருடையது. அதிலே 65 வெண்கல மணிகள் கொண்ட இசைக்கருவியோடு, ஒரு வெண்கலக் குளிர்ப்பெட்டியும் கிடைத்தது. சதுரமான பெரிய தொட்டி. அதனுள்ளே சதுரமான சிறு சாடி. சாடியில் மது, சாடிக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பனிக்கட்டி. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் பாட்டிக்குப் பாட்டி என்று அதைச் சொல்லலாம்.

பிற்காலத்தில் இக்குளிர்ச்சி அரண்மனையை விட்டு வீதிக்கும் வந்தது. சோங் அரச மரபின் தலைநகராயிருந்த கைஃபெங் நகரைப் பற்றி, அந்நகரை இழந்து தெற்கே சென்ற மெங் யுவான்லாவ் என்பவர் 1147-இல் ஒரு நினைவு நூல் எழுதினார். கோடையில் அந்நகரத் தெருக்களில் விற்கப்பட்ட குளிர் பானங்களையும் பனியிட்ட தின்பண்டங்களையும் அவர் ஆசையோடு குறிப்பிடுகிறார். ஊரை இழந்தவர் நினைவில் அந்த ஊரின் குளிர்பானமும் நிற்கிறது என்பது எங்களைத் தொட்டது.

சீனத்தின் புகழ் பெற்ற பழபானம் 'சுவான்மெய்தாங்' என்பது. புகையூட்டி உலர்த்திய பிளம் பழம், அதிமதுரம், கற்கண்டு முதலியவற்றைக் கொதிக்க வைத்து, வடித்து, ஆறவிட்டுக் குளிர்விப்பார்கள். புளிப்பும் இனிப்பும் கலந்த கருஞ்சிவப்புப் பானம். பெய்ஜிங் நகர வீதிகளில் இதை விற்றவர்கள், இரண்டு சிறு செம்புக் கிண்ணங்களை ஒரே கையில் பிடித்துத் தட்டி ஒலியெழுப்புவார்களாம். மணியடித்து வரும் நம் குல்ஃபி வண்டிக்காரர் நினைவுக்கு வருகிறாரா? உலர்ந்த பழத்தையும் வேரையும் ஊறவைத்துக் கோடையைத் தணிக்கும் அறிவு, நன்னாரி வேரில் சர்பத் செய்யும் நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது.

வெடியுப்பில் பிறந்த குளிர்

பனி விழாத ஊரில் அரசர் என்ன செய்வார்? அக்பரின் அரண்மனை இதற்கு விடை தருகிறது. அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி'யில் குடிநீரைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அக்பர் கங்கை நீரையே விரும்பிக் குடித்தார். அதைக் குளிர்விக்கத் துப்பாக்கி மருந்துக்குப் பயன்படும் வெடியுப்பைக் கையாண்டார்கள். ஒரு பாத்திரத்து நீரில் வெடியுப்பைக் கரைத்து, குடிநீர் உள்ள குப்பியை அதற்குள் வைத்துக் கால் மணி நேரம் சுழற்றுவார்கள். உப்பு கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் குப்பியில் உள்ள நீர் குளிர்ந்துவிடும். நெருப்பைக் கக்கும் உப்பு குளிரையும் தருகிறது!

1586-க்குப் பிறகு அரசவை பஞ்சாபுக்கு மாறியபோது, வடக்கு மலைகளிலிருந்து பனியும் பனிக்கட்டியும் படகிலும் வண்டியிலும் ஆள் சுமையாகவும் இலாகூருக்கு வந்து சேர்ந்தன. 'சர்பத்' என்ற சொல்லும் இத்தகைய அவைகளின் வழியே நம்மிடம் வந்ததே. 'குடித்தல்' என்று பொருள்படும் அரபு வேர்ச்சொல்லில் பிறந்தது அது. ஆங்கிலத்தில் இருமல் மருந்துக்குச் சொல்லும் 'சிரப்' என்பதும் அதே வேரில் கிளைத்த சொல்தான்.

வட இந்தியாவில் எளிய மக்கள் அறிந்த வேறொரு முறையும் இருந்தது. அலகாபாத் பக்கத்தில் குளிர்கால இரவுகளில் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் அகலமான மண் தட்டுகளை வைத்து நீரூற்றுவார்கள். தெளிந்த வானமும் அமைதியான காற்றும் உள்ள இரவில், தட்டு நீர் தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்து விடியுமுன் மெல்லிய பனித்தகடாக உறையும். சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டு வியந்து 1775-இல் இலண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதினார். பனித்தகட்டைச் செய்யத் தெரிந்தவர்கள் அவ்வூர்த் தொழிலாளர்கள். அதைப் பருகியவர்கள் பெரும்பாலும் பிறர்.

பனிக்கட்டி ஏறி வந்த கப்பல்

இனிச் சென்னைக்கு வருவோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஃபிரெடரிக் டூடர் என்று ஒரு வணிகர் இருந்தார். ஊரில் ஏரிகள் உறைந்து வீணே கிடக்கின்றன. வெப்ப நாடுகளில் மக்கள் வாடுகிறார்கள். பனிக்கட்டியையே ஏற்றுமதி செய்தால் என்ன என்று எண்ணினார். 1806-இல் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள மார்ட்டினிக்குக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரார் நகைத்தனர். கடனில் சிக்கினார், சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை.

1833 மே 12-ஆம் நாள் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் உருகாமல் இருந்தது! கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு மகிழ்ந்து, சரக்குடன் வந்த ரோஜர்ஸ் என்பவருக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார்.

நான்கு மாதம் பனிக்கட்டி எப்படி உருகாமல் இருந்தது? இரண்டு காரணங்கள். ஒன்று, மரத்தூள். மர அறுவை ஆலைகளில் வீணாகக் குவிந்த தூளைக் கட்டிகளைச் சுற்றி அடைத்தார்கள். தூளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. இரண்டாவது, பனிக்கட்டியின் சொந்தப் பிடிவாதம். ஒரு கிராம் பனிக்கட்டி உருகி நீராக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் நீரைச் சுழியிலிருந்து 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கப் போதுமானது. கட்டிகளை இடைவெளியின்றி ஒரே குவியலாக அடுக்கினால் வெளிப்புறம் மட்டுமே மெல்ல மெல்ல உருகும். இயற்பியல் வகுப்பில் 'உள்ளுறை வெப்பம்' என்று மனப்பாடம் செய்கிறோமே, அது ஒரு வணிகரைச் செல்வராக்கிய பாடம்!

இந்தப் பனிக்கட்டி சென்னைக்கும் வந்தது. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் ஏரியில் பனி வெட்டப்படுவதைக் கண்ட எழுத்தாளர் தோரோ, அதைப் பற்றித் தம் 'வால்டன்' நூலில் (1854) எழுதியிருக்கிறார். தம் குடிசை அருகே உள்ள நீரை எங்கோ இருக்கும் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் குடிக்கப் போகிறார்கள் என்று அவர் வியக்கிறார். உலக இலக்கியத்தில் நம் ஊரின் பெயர் ஒரு பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஐஸ் ஹவுஸ்

கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்டதே 'ஐஸ் ஹவுஸ்'. வேளச்சேரியிலிருந்து பறக்கும் இரயிலில் திருவல்லிக்கேணி வரை சென்று, அங்கிருந்து நடந்தே நாங்கள் அதைக் காணச் சென்றோம். வட்டமான முகப்பு, உயர்ந்த சுவர்கள், எதிரே கடல். அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நிற்கும். அலைகளைத் தாண்டி மனிதரையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றைச் செலுத்தியவர்கள் நம் கடற்கரைப் படகோட்டிகள். அலையில் நனைந்து, வெயிலில் காய்ந்து அவர்கள் கரை சேர்த்த குளிர்ச்சி அவர்களுக்காக வந்ததன்று. அது ஆங்கிலேய அதிகாரிகளின் விருந்து மேசைக்கும், செல்வர் வீடுகளுக்கும், நோயாளிகளின் தேவைக்கும் உரியதாயிருந்தது.

பிறகு நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தது. 1874-இல் சென்னையிலேயே ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கடல் கடந்து வரும் பனிக்கட்டிக்குத் தேவை குறைந்து, வணிகம் நின்றது. காலியான கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, வீடாக மாற்றிக் 'காசில் கெர்னன்' என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாட்கள் தங்கினார். அந்நினைவாக 1963-இல் அதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் அந்த வட்டாரத்தை ஊரார் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர்.

இக்கட்டடத்தின் கதையில் பெண் குழந்தைகளாகிய நாம் மறக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் (1886-1969) குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்தவர். கன்னியர் மடப் பள்ளியிலும் பயின்று, மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1911-இல் பட்டம் பெற்றார். தம்மைப் போலவே இளம் வயதில் விதவையான சிறுமிகளைச் சேர்த்துப் படிக்க வைக்க 1912-இல் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். இடம் போதாமல் அந்த இல்லம் பின்னர் ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. செல்வரின் கோப்பைக்காகப் பனிக்கட்டி காத்த சுவர்கள், எவரும் ஏறெடுத்துப் பாராத சிறுமிகளைக் காத்தன. மாடியில் நின்று கடலைப் பார்த்தபோது எங்களில் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "இந்தக் கட்டடம் இப்போதுதான் சரியான வேலை செய்திருக்கிறது."

எங்களை அனுப்பிய தங்கையின் கேள்வி, 'எப்படிக் குளிர்வித்தார்கள்?' என்பது. ஐஸ் ஹவுஸிலிருந்து திரும்பும்போது எங்கள் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்துவிட்டது. 'யாருக்காகக் குளிர்வித்தார்கள்?'

கோலி சோடா முதல் இன்று வரை

நீரில் கரியமில வாயுவைக் கரைத்தால் சுவையான பானம் ஆகும் என்பதை ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் கண்டார். வாயு வெளியேறாமல் அடைப்பது பெரும் தொல்லையாயிருந்தது. ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற புட்டியில், கழுத்திலே ஒரு கண்ணாடிக் கோலி இருந்தது. உள்ளே உள்ள வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். இதுவே நம் கோலி சோடா. அதன் ஊரில் அது மறைந்து நெடுங்காலத்திற்குப் பின்னரும் நம் பெட்டிக்கடைகளில் 'டப்' என்று ஒலித்தது. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் போன்ற நம்மவர் நிறுவனங்கள் சோடாவையும் கலரையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றன. திருவிழாவில் 'கலர்' வாங்கிக் குடிப்பது நம் பாட்டிமார் காலத்தில் பெருமைக்குரிய செய்தி.

இன்று குளிர்ச்சி எல்லாத் தெருவிலும் விலைக்குக் கிடைக்கிறது. மதுரை ஜிகர்தண்டா, மயிலாப்பூர் ரோஸ் மில்க் என்று ஊருக்கொரு சுவை. ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். 300 மில்லி வாயுபானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறேழு தேக்கரண்டி இருக்கிறது. மீன் பதப்படுத்தவும் பிற தொழில்களுக்கும் செய்யும் பனிக்கட்டி குடிநீரில் செய்ததன்று. அதை வேறுபடுத்திக் காட்டவே, உண்ணத்தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதித்தது. தெருவில் வாங்கும்போது பனிக்கட்டியின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் தொடாதீர்கள். வெள்ளை என்றாலும் எந்த நீரில் செய்தது என்று கேட்பது நல்லது.

பானை சொல்லும் பாடம்

அரசருக்கு வெடியுப்பு, அதிகாரிக்குக் கப்பல் பனிக்கட்டி. ஏழைக்கு? ஏழைக்கு மண்பானை. அது குறைந்த அறிவில் பிறந்ததன்று.

பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. நீர் அவற்றின் வழியே கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது பானையிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சிறு கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் நீருள்ள பானையிலிருந்து 10 கிராம் மட்டும் ஆவியானால் 5,800 கலோரி குறைகிறது. மீதியுள்ள நீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர வேண்டும். வெளியிலிருந்தும் வெப்பம் உள்ளே வருவதால் உண்மையில் சற்றுக் குறைவாகவே குளிரும்.

காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நீர் விரைவாக ஆவியாகாது. அதனால்தான் உலர்ந்த காற்றுள்ள மதுரையில் பானை நீர் குளிரும் அளவுக்குக் கடற்கரையான சென்னையில் குளிர்வதில்லை. நம் பாட்டிமார் இதற்கும் வழி வைத்திருந்தனர். காற்றோட்டமான நிழலில், ஈர மணல் பரப்பி அதன்மேல் பானையை வைப்பார்கள். மேலே ஈரத்துணி சுற்றுவார்கள். பழைய பானையின் துளைகள் அடைபட்டுவிடும் என்பதால் ஆண்டுக்கொரு புதுப்பானை வாங்குவார்கள். குயவர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

தண்ணீர்ப் பந்தல்

நம் நாட்டின் பெருமை பானையில் மட்டும் இல்லை. அதை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. பெரியபுராணம் கூறும் அப்பூதி அடிகள், திங்களூரில் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். வழிநடந்து வந்த நாவுக்கரசர் தம் பெயரையே அந்தப் பந்தலில் கண்டு வியந்தார். தண்ணீர்ப் பந்தல் நடத்துவதற்கென்றே நிலம் விட்ட செய்திகளைத் தமிழகக் கல்வெட்டுகளிலும் காண்கிறோம். இராமநவமியில் பானகமும் நீர்மோரும் வழங்குகிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசலில் சர்பத் தருகிறார்கள். பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழாவுக்குக் காவியுடுத்தி நடந்து வரும் பக்தர்களுக்கு வழியெங்கும் மோரும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் பெயர் யாருக்கும் தெரியாது. சிறியோர் ஒருவருக்குக் கொடுத்த ஒரு குவளைத் தண்ணீரும் கைம்மாறு பெறாமல் போகாது என்று நம் ஆண்டவர் உரைத்ததை மத்தேயு நற்செய்தியில் படிக்கிறோம். அவர் சொன்னது விலையுயர்ந்த பானத்தை அன்று, வெறும் தண்ணீரை.

எங்கள் பானை

படித்ததைச் செய்து பார்க்க விரும்பினோம். சிஸ்டரின் அனுமதியோடு பள்ளி வாயிலின் வெளிப்புறம், வேப்பமர நிழலில் ஈர மணல் பரப்பி ஒரு பானை வைத்தோம். மூடியும், நீளக் காம்புள்ள மொள்ளும் கரண்டியும், இரண்டு குவளைகளும் வைத்தோம். காய்ச்சி ஆறிய நீரை நாள்தோறும் மாற்றினோம்.

முதல் நாள் பூக்கூடையோடு வந்த ஆயா ஒருவர் தயங்கி நின்று, "இன்னா கண்ணு, துட்டு எவ்ளோ?" என்று கேட்டார்.

"துட்டெல்லாம் வேணாம் ஆயா, குடிங்க" என்றோம்.

இரண்டு குவளை குடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் தலையில் ஆளுக்கொரு முழம் பூ வைத்துவிட்டுப் போனார். அன்று எங்களுக்கு மிகுந்த பெருமை.

அந்தப் பெருமை பத்து நாள் நிலைத்தது. பிறகு தேர்வு வந்தது. ஒரு திங்கட்கிழமை எவரும் பானையை நிரப்பவில்லை; ஒருத்தி நிரப்பியிருப்பாள் என்று மற்றொருத்தி எண்ணிவிட்டாள். நண்பகலில் வகுப்புச் சன்னலிலிருந்து பார்த்தோம். அந்த ஆயா வந்தார். கூடையை இறக்கினார். மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். ஓசையில்லாமல் மூடியை மறுபடி வைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் எங்களைத் திட்டியிருந்தால் கூட அவ்வளவு வலித்திராது. பானை வைக்காமலே இருந்திருந்தால் அவர் வேறெங்காவது குடித்திருப்பார். நம்பி வந்தவருக்கு வெறும் பானையைக் காட்டிவிட்டோம்.

அன்று மாலையே முறைப்பட்டியல் எழுதி வாயிற்காவலர் அறையில் ஒட்டினோம். விடுமுறை நாட்களுக்குப் பக்கத்துத் தெரு மாணவியர் பொறுப்பேற்றனர். அதன்பின் பானை வற்றவில்லை. ஆயாவும் வருகிறார்.

செய்து பாருங்கள்

பானகம்: ஒரு லிட்டர் பானை நீரில் 100 முதல் 125 கிராம் வெல்லத்தைத் தூளாக்கிக் கரைத்து வடிகட்டவும். அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், நான்கு ஏலக்காயின் பொடி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கலக்கவும். வெயிலில் வியர்வையோடு வெளியேறும் நீரையும் உப்பையும் இது ஈடு செய்யும்.

நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு மூன்று அல்லது நான்கு பங்கு நீர் விட்டுக் கடைந்து, வெண்ணெய் எடுத்து, உப்பு, நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, சிறிது பெருங்காயம் சேர்க்கவும்.

சோதனை: ஒரே அளவு நீரை மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் ஊற்றி, நிழலில் அருகருகே வையுங்கள். காலையும் மாலையும் வெப்பமானியால் அளந்து ஒரு வாரம் குறித்து வாருங்கள். மழை மேகம் உள்ள நாளையும் காற்றடிக்கும் நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை தானே விளங்கும்.

முடிவுரை

அன்புத் தங்கையே, நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அரசர்கள் பனியைப் புதைத்து வைத்தும், உப்பைக் கரைத்தும், கடல் கடந்து வரவழைத்தும் குளிர்ந்த பானம் அருந்தினார்கள். அவர்களுடைய வெண்கலத் தொட்டி இன்று காட்சிச் சாலையில் இருக்கிறது. கடலைக் கடந்து வந்த பனிக்கட்டி உருகி மறைந்தது. வேப்பமரத்தடிப் பானை மட்டும் இன்றும் வேலை செய்கிறது. நாள்தோறும் ஒருவர் நினைவாக அதை நிரப்பினால் போதும். அடுத்த கோடையில் நாங்கள் பள்ளியை விட்டுச் சென்றிருப்போம். முறைப்பட்டியலில் திங்கட்கிழமைக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. உன் பெயரை எழுதிக்கொள்.